கொடுக்கும்போது தலைதூக்கும் 'நான்' பற்றி

கேள்வியின் சாரம் இது. கேட்டவர் பல வருடங்களாகக் கோயிலுக்குப் போகிறவர். அமாவாசைதோறும் அன்னதானத்துக்குப் பணம் கட்டுகிறார். தம்பி மகளின் கல்லூரிக் கட்டணத்தையும் அவரே கட்டுகிறார். அண்மையில் தம்பி வீட்டு விசேஷத்தில் அவரை யாரும் முன்னால் அழைத்து உட்காரவைக்கவில்லை. மனசு கொதித்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான், 'இத்தனை நாள் கொடுத்ததெல்லாம் இந்த மரியாதைக்காகத்தானா?' என்று தன்னையே கேட்டிருக்கிறார். "ஆணவம் போகாமல் கொடுப்பதில் பலன் உண்டா? அதை ஒழித்த பிறகுதான் கொடுக்க வேண்டுமா? அதுவரை நிறுத்திவைக்கலாமா?" என்பது அவர் கேள்வி.

நிறுத்தாதீர்கள். ஆணவம் போகட்டும், பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால் இந்தப் பிறவியில் கை நீளாது. என் சமாதானத்துக்காக இதைச் சொல்லவில்லை. சைவ சித்தாந்தம் ஆணவத்தை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்று பார்த்தாலே இது விளங்கும். அங்கே ஆணவம் நாம் வளர்த்துக்கொண்ட கெட்ட பழக்கம் அல்ல. உயிரோடு அநாதியாக ஒட்டியிருக்கும் மலம், அதாவது அழுக்கு. ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களில் இதைத்தான் சகச மலம், கூடவே இருக்கும் மலம் என்கிறார்கள். முத்தியில்கூட அது அழிந்துபோவதில்லை, அதன் சக்தி அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். அடங்கச் செய்வதும் திருவருள்தான். 'என் ஆணவத்தை நானே ஒழித்துக் காட்டுகிறேன்' என்று கிளம்பினால் அந்த 'நானே' யார் என்று யோசித்துப் பாருங்கள்.

14-ஆம் நூற்றாண்டில் தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கொற்றவன்குடியில் இருந்த உமாபதி சிவம், திருவருட்பயனில் இதைக் குறள் வெண்பா ஒன்றில் சொல்லியிருக்கிறார். இருட்டு எந்தப் பொருளையும் காட்டாது, ஆனால் தன்னையாவது காட்டும். 'இருட்டாக இருக்கிறது' என்று நமக்குத் தெரிந்துவிடும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. பல வருடமாக அன்னதானம் செய்தும் உங்கள் கண்ணுக்குப் படாமல் அது இருந்தது இப்படித்தான். விசேஷ வீட்டில் கொதித்தபோதுதான் தென்பட்டது. அந்தக் கொதிப்புக்காக வெட்கப்பட வேண்டாம். மனசு எந்த இடத்தில் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கிறது. பலருக்கு அது கடைசிவரை தெரிவதில்லை.

உள்ளே தேடிப் பிடித்து ஒழிக்க முடியாத ஒன்றை என்னதான் செய்வது? நம் பெரியவர்கள் சொன்ன வழி மிக எளிமையானது. கைக்கு வேலை கொடு என்றார்கள். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கில் முதலில் நிற்பது சரியை. கோயிலைப் பெருக்குவது, மெழுகுவது, பூப்பறிப்பது, விளக்கேற்றுவது. நான்கில் கீழ்ப்படி என்று இதைத் தாண்டிப் போகத்தான் பலருக்கும் அவசரம். அப்பர் என்கிற திருநாவுக்கரசரைப் பாருங்கள். சமண மடத்தில் தருமசேனர் என்ற பட்டத்தோடு தலைமை வகித்தவர், கரைகண்ட படிப்பாளி. சைவத்துக்குத் திரும்பிய பிறகு அவர் கையில் எடுத்தது உழவாரம். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கும் கருவி அது. அவருக்கு முன்பே அந்த வழியில் நடந்தவர் அக்கா திலகவதியார். திருவதிகையில் விடியுமுன் எழுந்து கோயிலை அலகிட்டு, சாணம் மெழுகி, மாலை தொடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பி சூலை என்ற கொடிய வயிற்று நோயோடு வந்து விழுந்தது அந்த அக்காவின் காலடியில்தான். அப்பர் பதிகங்கள் நமக்குப் பாடமாகக் கிடைத்துவிட்டன. அந்த அம்மையார் கையில் பிடித்திருந்த துடைப்பத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய குறை.

இதே அப்பர் வரும் இன்னொரு இடம் உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறது. திங்களூரில் அப்பூதி அடிகள் என்றொருவர். அப்பரை நேரில் பார்த்ததே இல்லை, கேள்விப்பட்டதோடு சரி. ஆனால் அவர் வைத்த தண்ணீர்ப்பந்தல், வெட்டிய குளம், வளர்த்த சோலை எல்லாவற்றுக்கும் திருநாவுக்கரசு என்றே பெயர். பிள்ளைகளுக்கும் அதே பெயர்தான், மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு. ஒருநாள் அப்பர் அந்த வழியாக வருகிறார். வெயிலுக்குக் குளிர்ந்த பந்தல். எங்கே பார்த்தாலும் தன் பெயர். விசாரித்துக்கொண்டு அப்பூதியார் வீட்டுக்குப் போய், 'இவ்வளவு அறமும் செய்துவிட்டு உம்முடைய பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியிருக்கிறீரே, ஏன்?' என்று கேட்கிறார். அப்பூதியாருக்குக் கோபம் வந்துவிடுகிறது. 'அவர் பெருமை தெரியாமல் பேசுகிறீரே, நீர் யார்?' என்கிறார். அப்பர் சொல்லும் பதில், சூலை நோய் தந்து ஆட்கொள்ளப்பட்ட, தெளிந்த உணர்வு இல்லாத சிறியவன் நான் என்பதுதான். உடனே அப்பூதியார் அவர் காலில் விழுகிறார்.

பெரியபுராணத்தில் இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று. அப்பூதியார் தன் பெயரை அழிக்கப் பாடுபடவில்லை. வேறொரு பெயரின் மேல் அவருக்கு இருந்த அன்பு அவ்வளவு பெரிது. சொந்தப் பெயருக்கு அங்கே இடம் மிச்சமில்லை. ஆணவத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அவருக்கும் கோபம் வந்தது, உங்களைப் போலவே. ஆனால் யாருக்காக வந்தது என்று பாருங்கள்.

அப்படியானால் அன்னதானப் பலகையில் உங்கள் பெயர் இருப்பது பாவமா? 'உபயம்' என்று எழுதுவதெல்லாம் ஆணவமா? அப்படிச் சட்டென்று சொல்ல மாட்டேன். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன், 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லில் வெட்டச் சொன்னான். தன்னோடு, அக்காவோடு, மற்றக் கொடையாளிகளின் கொடையும் அந்தக் கல்லில் ஏறியது. கோயிலுக்கு அது கணக்கு, பத்திரம். எதைக் கொடுத்தார்கள், அதிலிருந்து என்ன நடக்க வேண்டும் என்று எழுதிவைத்தால்தான் அடுத்த தலைமுறை கேள்வி கேட்க முடியும். நந்தா விளக்கு ஒன்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' 96 என்று எழுதிவைத்ததும் அதற்காகத்தான். ஆடு செத்தாலும் குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும், நெய் வந்துகொண்டே இருக்க வேண்டும், விளக்கு அணையக் கூடாது.

அந்தக் கல்வெட்டுகள் பலவற்றின் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். இந்தத் தர்மத்தை இரட்சித்தவர் ஸ்ரீபாதம் என் தலைமேல் என்று முடியும். இதைச் சொல்கிறவர் கொடையாளி. நிலம் அவர் கொடுத்தது, பொன் அவர் கொடுத்தது. ஆனால் நூறு வருடம் கழித்து இந்த விளக்குக்கு நெய் ஊற்றப்போகும் முகம் தெரியாத ஒருவரின் பாதத்தை இன்றே தன் தலையில் வைத்துக்கொள்கிறார். பெயர் மேலே இருக்கட்டும், கணக்குக்கு வேண்டும். தலை கீழே இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே கல்லில் வைக்கத் தெரிந்திருந்தது நம் முன்னோருக்கு. கோயிலுக்குப் போகும்போது கல்வெட்டு இருக்கும் சுவரைக் கண்டால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

ஆக, பலகையில் இருக்கும் பெயரைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. கொடுத்த பிறகும் பிடியை விடாமல் வைத்திருப்பது. 'நான் கொடுத்த பணத்தில் இவன் இதை வாங்கலாமா', 'நான் படிக்கவைத்த பெண் என்னைக் கேட்காமல் வேறு பாடம் எடுக்கலாமா', 'வாங்கியவன் எதிரில் வந்தால் எழுந்து நிற்க வேண்டாமா'. பெயர் போடாமல், யாருக்கும் சொல்லாமல் கொடுத்துவிட்டு, வாங்கியவரை இப்படி மனசுக்குள் கட்டிவைத்திருக்கும் நல்லவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 'யான் எனது' என்று வள்ளுவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னார். 'யான்' மேல் நமக்கு எப்போதும் ஒரு கண் இருக்கிறது. 'எனது' சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

இந்தப் பிடியை எப்படி விடுவது என்று யோசிக்கும்போது என் மனசு போய் நிற்கும் இடம் வடலூர். 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். நிலம் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தது, 80 காணி. 21 அடி நீளத்துக்கு ஒரு அடுப்பு. அன்று மூட்டிய நெருப்பு அணையாமல் இன்றுவரை அங்கே சோறு வேகிறது. லட்சக்கணக்கில் உயிர்களை வாரிக்கொண்டுபோன தாது வருஷப் பஞ்சம் வந்தது 1876-ல். அதற்கு ஒன்பது வருடம் முன்பே அந்த அடுப்பு மூட்டியாகிவிட்டது.

பசியைப் பற்றி வள்ளலார் எழுதியிருப்பதை ஒருமுறையாவது நிதானமாக வாசியுங்கள். பசி வந்தவனுக்கு என்ன ஆகிறது என்று அங்கம் அங்கமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அறிவு மயங்குகிறது, கண் பஞ்சடைகிறது, காது கும்மென்று அடைக்கிறது, நா வறள்கிறது, கை கால் துவள்கிறது, பேச்சு குளறுகிறது. அந்தப் பத்தி முழுவதும் பசித்தவன்தான் இருக்கிறான். கொடுப்பவருக்கு வரும் பலனைப் பற்றியும் அவர் வேறு இடத்தில் சொல்லத்தான் செய்கிறார். ஆனால் பசியை விவரிக்கும்போது கொடுப்பவர் என்று ஒரு ஆளே அங்கே கிடையாது. கவனம் முழுக்க எதிரில் இருப்பவரின் கண்ணிலும் நாவிலும் கை காலிலும் போய்விடுகிறது. தன்னை மறப்பது என்று நாம் பெரிதாகப் பேசும் காரியம் அந்த எழுத்தில் தானாக நடந்துவிடுகிறது.

தன் பெயரிலும் அவர் அப்படித்தான் இருந்தார். அவருடைய பாடல்களை அச்சிட முயற்சி நடந்த காலத்தில் இறுக்கம் இரத்தின முதலியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். இராமலிங்கசாமி என்று வழங்குவது தமக்குச் சம்மதம் இல்லை, அது ஆரவாரத்துக்கு அடுத்த பெயராகத் தோன்றுகிறது, அப்படி வழங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதற்கு மேல் நீட்டவில்லை. 'நான் எவ்வளவு எளியவன் தெரியுமா' என்ற பிரசங்கம் அதில் இல்லை. பணிவைக் காட்டுவதற்கே பெரிய மேடை போடும் இந்தக் காலத்தில் அந்தக் கடிதத்தின் அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி உங்கள் அன்னதானத்துக்கு வருகிறேன். இப்போது நீங்கள் பணம் கட்டி ரசீது வாங்குகிறீர்கள். அதைத் தொடருங்கள். கூடவே அடுத்த அமாவாசைக்குப் பந்தியில் நில்லுங்கள். பந்தியில் எந்த வேலைக்குப் போட்டி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வடை, பாயச வாளியைத் தூக்க ஆள் தள்ளுமுள்ளாக இருக்கும். இனிப்பு போடுகிறவரைச் சாப்பிடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் குறைவு. இலை எடுக்கவோ, மடங்கிய இலையோடு சிந்திய ரசத்தைத் துடைத்துவிட்டு அடுத்த பந்திக்குத் தரையைத் தயார் பண்ணவோ, ஒரு சிலர்தான் எப்போதும் இருப்பார்கள். அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பரிமாறுகிறீர்களா, குனிந்து பரிமாறுங்கள். நின்ற நிலையில் கரண்டியைச் சாய்த்தால் சாம்பார் இலைக்கு வெளியே தெறிக்கும். இலைக்கு அருகே கரண்டி போக வேண்டுமானால் முதுகு வளைந்தே ஆக வேண்டும். 'போதுமா?' என்று கேட்காதீர்கள், 'இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?' என்று கேளுங்கள். முதல் கேள்வி கேட்டால் பசியோடு வந்தவர்கூடப் போதும் என்று சொல்லிவிடுவார். இரண்டு பந்தி முடிந்த பிறகு இடுப்பு வலிக்கும், வேட்டியில் சாம்பார் கறை இருக்கும். 'இன்று நான் பெரிய தானம் செய்தேன்' என்ற எண்ணம் அந்த நேரத்தில் வருகிறதா என்று பாருங்கள். அனுபவத்தில் சொல்கிறேன், கை கழுவி ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்றுதான் இருக்கும்.

ஒன்று மட்டும் கவனம். இலை எடுப்பதையும் பெருமையாக்கிக்கொள்ள மனசுக்குத் தெரியும். 'மற்றவர்கள் பாயசம் போடுகிறார்கள், நான் இலை எடுக்கிறேன்' என்று ஒரு கணக்கு உள்ளே ஓடும். ஓடட்டும். அதோடு வாக்குவாதம் வேண்டாம். அடுத்த இலை காத்திருக்கிறது, அதை எடுங்கள்.

எவ்வளவு கொடுப்பது என்றும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. 'தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்' என்று பழமொழி சொல்வோம். கடன் வாங்கித் தானம் செய்யாதே, வீட்டில் இருப்பவரைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்குப் போடாதே என்ற அளவில் அது சரி. ஆனால் எவ்வளவு வந்தாலும் 'மிஞ்சியது' என்று நம் மனசு ஒத்துக்கொள்ளும் நாள் வருவதே இல்லை. மறுபக்கம் இளையான்குடி மாறனார். செல்வமெல்லாம் கரைந்துபோன நேரம். மழைக்கால நள்ளிரவில் ஒரு அடியார் பசியோடு வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகலில் விதைத்த நெல் முளையை வாரி வரலாம் என்று மனைவிதான் வழி சொல்கிறார். மாறனார் பெரிய கூடை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இருட்டில் காலால் தடவித் தடவி வயலுக்குப் போய், தண்ணீரில் ஒதுங்கிய முளைகளைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டு வருகிறார். விறகுக்குக் கூரைக் கொம்பை அறுக்கிறார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு விதைநெல்லைத் தானம் செய்யக் கிளம்ப வேண்டாம். அது அவர்கள் நின்ற உயரம். எனக்கு இதில் பிடித்தது, யோசனை சொன்னதும் முளையை வறுத்துக் குத்திச் சமைத்ததும் அந்த அம்மாள்தான் என்பது. கொடை அந்த வீட்டில் ஒருவரின் தனிப் பெருமையாக இல்லை. உங்கள் வீட்டிலும் எதைக் கொடுப்பதாக இருந்தாலும் இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள். மனைவிக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டு ஊரில் வள்ளல் என்று பெயர் வாங்குவதில் ஆணவத்துக்குத்தான் தீனி.

நம்மைப் போன்றவர்களுக்குத் திருமூலர் சொன்ன அளவு இருக்கிறது. இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாயுறை, அதாவது ஒரு வாய்ப் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, அதுவும் இல்லையா, ஒரு இன்சொல். நான்குக்கும் 'யாவர்க்குமாம்' என்று முன்னால் போட்டுவிட்டார். முடியாது என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. 'இதைச் செய்துவிட்டேன் பார்' என்று மார்தட்டவும் இதில் எதுவுமில்லை, ஒரு கைப்பிடியில் என்ன பெருமை? சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைக்கும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இருந்தது. மாதக் கடைசியில் அதைக் கோயிலுக்கோ பசித்தவருக்கோ கொடுத்துவிடுவார்கள். தினமும் நடப்பதால் அது சாதனை என்ற கணக்கில் சேராமல் பல் தேய்ப்பதுபோல் ஆகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை பெரிதாகக் கொடுப்பதைவிட நான் இதைத்தான் சொல்வேன்.

கடைசியாகத் தம்பி விஷயம். தாராள மனசு என்றால் யார் என்ன செய்தாலும் வாயைத் திறக்காமல் இருப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களால் முடியவில்லை என்றால், அல்லது அவர்களே கட்டும் நிலையில் இருக்கிறார்கள் என்றால், 'அடுத்த வருடம் முதல் என்னால் ஆகாது தம்பி' என்று முன்கூட்டியே நேரில் சொல்லிவிடலாம். அதில் பாவம் எதுவுமில்லை. உள்ளே குமுறிக்கொண்டு கொடுப்பதைவிட அது நேர்மை. ஆனால் நாற்காலி போடவில்லை என்பதற்காக நிறுத்தினால், அந்தப் பணம் மரியாதைக்குக் கட்டிய விலை என்று நீங்களே ரசீது எழுதிக் கொடுத்ததாகிவிடும். கொடுப்பது என்று முடிவெடுத்தால், பணத்தைத் தம்பி கையில் கொடுப்பதைவிட்டு, பருவக் கட்டணம் அறிவித்ததும் நேரே கல்லூரிக் கணக்கில் கட்டிவிடுங்கள். அந்தப் பெண்ணிடம், 'கட்டியாகிவிட்டது, நீ படி' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மதிப்பெண் என்ன, எந்த வேலைக்குப் போகிறாய் என்று விசாரிப்பது வேறு, சித்தப்பா பெரியப்பா பாசத்தில் யாரும் கேட்பதுதான். பணம் கட்டியவன் என்ற உரிமையில் கேட்கும்போது குரல் மாறிவிடும். பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். அடுத்த விசேஷம் வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். கொஞ்சம் முன்னதாகவே போய்ப் பந்தி நடக்கும் பக்கம் நின்று, இலை போடவோ தண்ணீர் வைக்கவோ ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். அண்ணன் என்ற முறையில் அந்த வேலை உங்களுக்கு உரியதும்கூட.